கால் விளங்காதவருக்கு ஊசி மட்டும் போதுமா?

மதுரை செல்லூரில் ஒரு நெசவாளத் தோழர் இருக்கிறார். குழித்தறியில் 30 வருஷம் உட்கார்ந்தவர். நெசவு என்றால் கை வேலை என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பாதி வேலை காலில் இருக்கிறது. குழிக்குள் இரண்டு காலும் மாறி மாறி மிதியை அழுத்தினால்தான் பாவு பிரியும். பாவு பிரிந்தால்தான் நாடா ஓடும். கால் ஓய்ந்தால் தறி ஓய்ந்தது. தறி ஓய்ந்தால் அடுப்பு ஓய்ந்தது.

உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒரு விவசாயத் தொழிலாளித் தாய் இருக்கிறார். நிலக்கடலைக் காட்டில் விடிந்தது முதல் மதியம் வரை குந்த வைத்தே நகர்ந்து களை எடுப்பவர். ஒரு நாள் வேலை முடிந்து எழுந்தபோது வலது பாதம் மரத்துக் கிடந்தது. குதிகால் தரையில் பட்டது. முன்பாதம் மேலே எழவில்லை. கட்டை விரல் தரையில் இழுபட்டது.

தறித் தோழருக்கும் ஏறத்தாழ இதே கதிதான். முதலில் இரண்டு பாதமும் மதமதத்தன. பிறகு செருப்பு காலை விட்டுக் கழன்று போனதுகூடத் தெரியவில்லை. அப்புறம் நடை தள்ளாடியது.

இருவரும் அக்குபங்சர் வைத்தியத்துக்குப் போனார்கள். போன இடம் வேறு வேறு. அந்தத் தாய்க்கு இரண்டு மாதத்தில் பாதம் எழுந்துவிட்டது. தோழருக்கோ ஆறு மாதத்தில் காலில் புண் வந்து, இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

"ஊசியிலதான் தம்பி எனக்குக் கால் வந்துச்சு" என்று அந்தத் தாய் சத்தியம் செய்கிறார். "ஊசிக்காரன் பேச்சைக் கேட்டுத்தான் கெட்டேன்" என்று தோழர் தலையில் அடித்துக்கொள்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் உண்மை எது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டிய பொறுப்பு நமக்கு இருக்கிறது. ஏனென்றால் இன்று மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் கால் விளங்காமல் போனவர்கள் வீட்டில் எல்லாம் இந்தப் பேச்சுதான் நடக்கிறது. "அங்கே போ, ஊசி குத்தினால் நடக்கலாம்" என்கிறார் ஒருவர். "அதெல்லாம் மோசடி" என்கிறார் இன்னொருவர். இந்த இழுபறியில் மாதங்கள் ஓடுகின்றன. கால் காத்திருப்பதில்லை.

இந்த ஊசி எப்படி வந்தது?

அக்குபங்சர் நம் தேசத்துக்கு வியாபாரச் சரக்காக வந்து சேரவில்லை என்பதை முதலில் நினைவுபடுத்த வேண்டும்.

1938ல் ஜப்பானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போரிட்ட சீன மக்களுக்கு உதவ, காங்கிரஸ் மகாசபை ஐந்து டாக்டர்களை அனுப்பியது. அதில் ஒருவர் சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகநாத் கோட்னிஸ். போர்முனையில் இரவும் பகலும் அறுவை சிகிச்சை செய்து, 1942 டிசம்பர் 9ந் தேதி, 32வது வயதில் சீன மண்ணிலேயே உயிர் நீத்தார். அவர் கதையைச் சாந்தாராம் 1946ல் சினிமாவாகவே எடுத்தார். அதே ஐவர் குழுவில் இருந்த இன்னொருவர் வங்காளத்து டாக்டர் விஜயகுமார் பாசு. அவர் நாடு திரும்பி, பல வருஷங்களுக்குப் பிறகு மீண்டும் சீனா சென்று, இந்த ஊசி வைத்தியத்தைக் கற்றுக்கொண்டு வந்தார். 1959ல் கல்கத்தாவில் அதைத் தொடங்கிவைத்தார். இந்தியாவில் அக்குபங்சருக்கு வித்திட்டவர் அவர்தான். பாசு ஆங்கில வைத்தியம் படித்த டாக்டர். தான் படித்த வைத்தியத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அவர் ஊசியை எடுக்கவில்லை; அதற்குத் துணையாக எடுத்தார்.

சீனத்திலும் இதுவே நடந்தது. சூ லியன் என்ற பெண் டாக்டர், மேல்நாட்டு வைத்தியம் கற்றவர், யேனானில் இருந்தபோது இந்தப் பழைய வைத்தியத்தை அறிந்துகொண்டார். 1951ல் "புதிய அக்குபங்சர்" பற்றி ஒரு நூல் எழுதினார். உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத சக்தி ஓடுகிறது என்ற பழைய விளக்கத்தோடு அவர் நிற்கவில்லை. ஊசி நரம்பைத் தூண்டுகிறது, அதனால்தான் பலன் என்று நரம்பு மண்டலத்தைக் கொண்டு விளக்க முயன்றார். அவர் விளக்கம் முழுவதும் சரியா என்பது வேறு விஷயம். பழையதை விஞ்ஞானத்தின் முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்டார் பாருங்கள், அதுதான் முக்கியம். ஜனங்களுக்கு டாக்டர்கள் போதாத காலத்தில், கையில் இருந்த அனுபவத்தைச் சோதித்து எடுத்துக்கொள்வது என்ற வழி அது.

இன்று நம் ஊர்த் தெருக்களில் நடப்பது இந்த வழியா?

பாதம் ஏன் விழுகிறது?

நான் டாக்டர் அல்ல, எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை முடித்தவன். தோழரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அழைத்துக்கொண்டு அலைந்த மாதங்களில், விஷயம் தெரிந்த டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

உங்கள் முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கம், கையால் தடவிப் பாருங்கள். ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அதைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு, தோலுக்குச் சற்று அடியிலேயே ஓடுகிறது. முன்பாதத்தை மேலே தூக்கு என்ற உத்தரவைத் தசைக்குக் கொண்டு போவது அந்த நரம்புதான். மணிக்கணக்காகக் குந்தியிருந்தால் அது நசுங்குகிறது. உத்தரவு போய்ச் சேருவதில்லை. பாதம் விழுந்துவிடுகிறது. களை எடுக்கிறவர்களுக்கும், தரையில் குந்திக் கிழங்கும் பழமும் பறிக்கிறவர்களுக்கும் உலகமெங்கும் வருகிற வியாதி இது. விதி என்றும் தோஷம் என்றும் இதற்குப் பெயர் வைக்க வேண்டியதில்லை. இது வேலையால் வந்த காயம்.

ஆனால் பாதம் விழுவதற்கு இது ஒன்று மட்டும் காரணம் அல்ல. மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு இடுப்பு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தலாம். பக்கவாதத்தில் மூளையிலேயே கோளாறு. தொழுநோய், முழங்காலுக்கு அருகே ஓடும் அதே நரம்பைத் தாக்குகிறது. தெரியாதவர் கையால் பிட்டத்தில் தப்பான இடத்தில் போட்ட ஊசி மருந்துகூடக் காலை முடக்கிவிடும். சர்க்கரை வியாதி, நுனிப் பாதத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நரம்புகளைத் தின்றுகொண்டே மேலே வருகிறது.

பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்: கால் இழுக்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. நரம்பு நசுங்கினால் நசுக்கும் காரணத்தை நீக்க வேண்டும். தொழுநோய் என்றால் அதற்குரிய மருந்து உடனே வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் தொடங்கி, தொழுநோயில் மடங்கிப்போன கைகளுக்கும், பிறகு விழுந்துபோன பாதங்களுக்கும், நல்ல நிலையில் இருக்கும் தசை நாணை மாற்றித் தைத்து மறுபடி வேலை செய்ய வைத்தாரே, அது நம் தமிழ் மண்ணில் நடந்த சாதனை. பக்கவாதம் என்றால் நாள் கணக்கு அல்ல, மணிக் கணக்கு. இரத்தக் கட்டியால் வந்ததாக இருந்தால், நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து போட வேண்டும். 108ஐக் கூப்பிட்டு, ஸ்கேன் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பக்கவாதக்காரருக்கு அதுதான் முதல் ஊசி. சீனத்து ஊசியின் முறை அதற்குப் பிறகுதான்.

ஆகவே, "எனக்கு என்ன வியாதி?" என்று தெரிந்துகொள்ளாமல் "எங்கே போய் ஊசி குத்தலாம்?" என்று கேட்பது தலைகீழ்ப் பாடம்.

ஊசி என்ன செய்யும், என்ன செய்யாது?

கால் தளர்ச்சிக்கு அக்குபங்சர்க்காரர்கள் வழக்கமாக ஊசி வைக்கும் இடங்கள், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் இருக்கின்றன. நான் மேலே சொன்ன நரம்பும் அதன் கிளைகளும் ஓடும் பாதை அதுதான். சில இடங்களில் ஊசியில் மெல்லிய மின்சாரமும் பாய்ச்சுகிறார்கள். தசை துடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஆகவே ஊசி வெறும் மாயம் என்று ஒரே அடியாகத் தள்ளிவிடுவதும் நியாயமில்லை.

ஆனால் பலன் எவ்வளவு? உலகெங்கும் நடந்த வைத்திய சோதனைகளைத் திரட்டி ஆராயும் காக்ரேன் என்ற ஸ்தாபனம், பக்கவாதத்துக்குப் பிந்திய அக்குபங்சர் பற்றி 2016ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 31 சோதனைகள், 2,257 நோயாளிகள். அவர்கள் சொன்னது இதுதான்: சில விஷயங்களில் முன்னேற்றம் இருக்கக்கூடும், ஆனால் பெரும்பாலான சோதனைகள் சின்னவை, குறைபாடுள்ளவை, எல்லா நோயாளிக்கும் இதை வாடிக்கையாகக் கொடுக்கலாம் என்று சொல்வதற்கு ஆதாரம் போதாது. அதாவது, கதவு மூடவில்லை. ஆனால் உள்ளே பொன் இருக்கிறது என்றும் யாரும் கண்டு சொல்லவில்லை.

இப்போது உசிலம்பட்டித் தாயின் கதைக்கு வருவோம். பாதம் விழுந்தபின் அவரால் களைக்குப் போக முடியவில்லை. இரண்டு மாதம் குந்தவில்லை. நரம்பை நசுக்கிய காரணம் நீங்கிவிட்டது. நசுங்கிய நரம்பு பல பேருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தானாகவே உயிர் பெறும். அறுந்த நரம்பு வளர்வதோ நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். ஊசி குத்தியதால் பாதம் எழுந்ததா? எழவிருந்த பாதத்துக்கு ஊசி குத்தினார்களா? ஒரு ஆளை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஊசி மரப்பைக் குறைத்து, தைரியம் கொடுத்து, காலை அசைக்கத் தூண்டியிருக்கலாம். அதுவும் உதவிதான். அவருக்கு ஊசி போட்டவர் மேலும் ஒரு நல்ல காரியம் செய்தார்: "முதலில் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வா" என்று அனுப்பினார், தினமும் பாதத்தைத் தூக்கிப் பழகச் சொன்னார். அவர் யோக்கியமானவர்.

செல்லூர்த் தோழருக்கு வாய்த்தவர் வேறு ரகம். "இங்கிலீஷ் மாத்திரைதான் விஷம். அதை நிறுத்தினால்தான் உடம்பு தன்னைத் தானே சரி செய்யும்" என்றார். தோழர் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். மரத்த பாதத்தில் சூடு வைத்ததும், குத்தியதும், கல் கிழித்ததும் தெரியவில்லை. புண் வந்தது. "கழிவு வெளியேறுகிறது, நல்லது" என்றார் அந்த ஆள். நான் போய்ப் பார்த்தபோது விரல் கறுத்திருந்தது.

உணர்ச்சியற்ற பாதத்தில் சூடு வைக்கவே கூடாது. ஊசி வைப்பதானாலும் புதிய, சுத்தமான ஊசியாக, ஒருவருக்கு ஒரு முறை மட்டும் பயன்படுத்தி எறிவதாக இருக்க வேண்டும். ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி வரை தொற்றும். இதையெல்லாம் அவர் நினைத்தும் பார்க்கவில்லை.

ஜனங்கள் ஏன் போகிறார்கள்?

இதைக் கேட்டதும் படித்தவர்கள் சிலர், "முட்டாள் ஜனங்கள், பட்டால்தான் தெரியும்" என்கிறார்கள். இந்த ஏளனத்தை நாம் ஏற்க முடியாது.

தோழரிடம் கேட்டேன்: "ஏன் அண்ணே, ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கிட்டு இருந்தீங்களே?" அவர் சொன்னார்: "போனேன் தோழரே. காலையில ஆறு மணிக்கு வரிசையில நின்னேன். பன்னெண்டு மணிக்கு உள்ளே விட்டாங்க. காலைத் தொட்டுக்கூடப் பாக்கலை. சுகர் இருக்கு, நடங்கன்னு சொல்லி மாத்திரையை எழுதிட்டாங்க. நடக்க முடியலைன்னுதானே போனேன்? அந்த ஊசிக்காரரு ஒரு மணி நேரம் உக்காந்து என் கதையைக் கேட்டாரு. காலைப் பிடிச்சுப் பாத்தாரு."

இதில்தான் விஷயத்தின் ஆணிவேர் இருக்கிறது. ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போயிற்று. துணைக்கு வருபவர் கூலியும் போயிற்று. டாக்டர் ஒருவர், வாசலில் நூற்றுக்கணக்கில் ஜனங்கள். அந்த டாக்டரைக் குறை சொல்லி என்ன பயன்? காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் கிராமத்துக்குப் பக்கத்தில் இல்லை. தனியாரிடம் போனால் ஒரு தடவைக்கே இரண்டு நாள் கூலி. சர்க்கார் விட்ட இடத்தில் சந்தை புகுந்துகொள்கிறது. ஜனங்களின் வறுமையிலும் தனிமையிலும் அது காசு பார்க்கிறது. ஜனங்களுடைய அறியாமையை மட்டும் பேசி, இந்தக் காலி இடத்தைப் பேசாமல் விடுவது பாதி உண்மை.

அதேபோல, "இது நம் முன்னோர் வழி, சீன ஞானம், இதில் கேள்வியே கூடாது" என்று கும்பிடுவதும் தவறு. இளம்பிள்ளை வாதம் எத்தனை ஆயிரம் பிள்ளைகளின் காலை வாங்கியது! சூம்பிய காலோடு தவழ்ந்தவர்களை நம் தெருக்களில் பார்த்துத்தானே வளர்ந்தோம்? அந்த வியாதியை எந்த ஊசிப் புள்ளியும் ஒழிக்கவில்லை. சொட்டு மருந்து ஒழித்தது. வீடு வீடாக நடந்த சுகாதார ஊழியர்கள் ஒழித்தார்கள். 2011 ஜனவரியில் வங்காளத்து ஹௌராவில் கண்ட கேஸ்தான் கடைசி. 2014 மார்ச் 27ந் தேதி நம் பிராந்தியத்திலேயே அந்த வியாதி இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்று அளித்தது. ஜனங்களுக்குச் சொந்தமான விஞ்ஞானம் என்றால் இதுதான்.

சர்க்கார் செய்ய வேண்டியது என்ன?

2019ல் மத்திய சர்க்கார் அக்குபங்சரைத் தனி வைத்திய முறையாக அங்கீகரித்தது. அங்கீகாரம் கொடுத்தால் போதுமா? கண்காணிப்பு வேண்டாமா? மேற்கு வங்கத்தில் இடது முன்னணி சர்க்கார் 1996லேயே அக்குபங்சருக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்து, படிப்புக்கும் பதிவுக்கும் ஏற்பாடு செய்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. நல்ல ஏற்பாடு, அது ஒவ்வொரு கிராமத்துக்கும் விடாமல் போய்ச் சேர வேண்டும். யோகா, இயற்கை வைத்தியப் பட்டப் படிப்பில் அக்குபங்சரும் ஒரு பாடமாக இருக்கிறது. அப்படிப் படித்தவர்கள் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் வேலை செய்கிறார்கள். எனவே புதிதாக ஆகாயத்திலிருந்து எதையும் கொண்டுவரச் சொல்லவில்லை. நாம் கேட்பது இவைதான்:

ஒன்று: கால் விழுந்தவர் வந்தால், நரம்பு டாக்டர், பிசியோதெரபிஸ்ட், அக்குபங்சர் படித்தவர் மூவரும் ஒரே கூரையின் கீழ், ஒரே சீட்டில் பார்க்க வேண்டும். யாருக்கு ஊசி கொடுத்தார்கள், எத்தனை நாளில் என்ன பலன் என்று கணக்கு எழுதிவைக்க வேண்டும். பலன் உண்டா இல்லையா என்பதை அந்தக் கணக்கு சொல்லட்டும்.

இரண்டு: ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பிசியோதெரபிஸ்ட் வேண்டும். ஒப்பந்தக் கூலியாக அல்ல, நிரந்தர ஊழியராக.

மூன்று: பாதத்தை நிமிர்த்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கியும், உணர்ச்சியற்ற பாதத்துக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பும் கேட்டவுடன் இலவசமாகக் கிடைக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை மேடை போட்டுப் போட்டோ பிடித்துக் கொடுக்கும் தானமாக அல்ல. தாங்கி கிடைக்கத் தாமதமானால் குதிகால் நாண் இறுகிப்போகும். அப்புறம் நரம்பு உயிர் பெற்றும் பயனில்லை.

நான்கு: ஊசி வைத்தியம் செய்பவருக்குப் படிப்பும் பதிவும் கட்டாயம். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளையும் இன்சுலினையும் நிறுத்தச் சொல்கிறவர் மீது நடவடிக்கை வேண்டும்.

ஐந்து: குந்தியே செய்யும் வேலையில் இடைவேளை வேண்டும், நின்று களை எடுக்கும் நீளக் கைப்பிடிக் கருவி வேண்டும். காலைக் கெடுத்த வேலைக்கு நஷ்ட ஈடும் வேண்டும். வியாதி வந்த பிறகு ஊசி தேடுவதைவிட, வராமல் தடுப்பது மலிவு.

நாம் செய்ய வேண்டியது

சர்க்கார் செய்யட்டும் என்று நாம் சும்மா இருக்க முடியாது. சங்க ஊழியர்கள், மாதர் அமைப்பில் வேலை செய்பவர்கள், வாலிபர்கள் எல்லோரும் தங்கள் தெருவில் கால் இழுத்து நடப்பவர் யார் என்று பாருங்கள். செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பவர் யார் என்று பாருங்கள். முதலில் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். வரிசையில் அவரோடு நில்லுங்கள். "டாக்டர், காலைத் தொட்டுப் பாருங்கள்" என்று மரியாதையாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள். பரிசோதனை முடிந்தபிறகு, டாக்டருக்குத் தெரிவித்து, படித்தவரிடம், புது ஊசியில், மாத்திரையை நிறுத்தாமல், பயிற்சியை விடாமல் அக்குபங்சரும் செய்துகொள்கிறாரா? செய்துகொள்ளட்டும். சில வாரம் பார்த்துப் பலன் இல்லையென்றால் நிறுத்திவிட்டு, அந்தக் காசுக்கு முட்டையும் பயறும் வாங்கட்டும்.

செல்லூர்த் தோழர் இப்போது தறிக்குழியில் இறங்குவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொடுக்கிறார். தறியில் அவர் மனைவி உட்காருகிறார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடக்கிறார். தினமும் ராத்திரி பேத்தி டார்ச் அடித்துப் பாட்டனாரின் உள்ளங்காலைப் பார்த்துச் சொல்கிறாள்.

போன வாரம் அவர் என்னிடம் சொன்னார்: "ஊசி மேல எனக்குக் கோபம் இல்லை தோழரே. ஊசி பேசலை. மாத்திரையை நிறுத்துன்னு பேசினது ஆளுதான். அந்த ஆளுகிட்ட என்னைப் போக வச்சது அந்த வரிசைதான்."

அந்த வரிசையைக் குறைக்கும் வரை, ஆளுக்கு ஆள் ஊசியைத் திட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.